ஓலைக்குள் ஒரு வீடியோ கேம் கடை

போன மாதம் என் தம்பி மகன் ஒரு வேலை செய்தான். அந்தக் காலத்து வீடியோ கேம் கடையின் சத்தத்தை யாரோ அச்சு அசலாக மறுபடி உண்டாக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். பட்டாணி மாதிரி இரண்டைக் கொண்டுவந்து என் காதில் சொருகி, "கேளுங்க அத்தை, நீங்களும் அப்பாவும் சொல்வீங்களே, அது அத்தனையும் இதுல இருக்கு" என்றான். கேட்டேன். பூச்சி இறங்குகிற சத்தம் இருந்தது, குண்டு பாய்கிற சத்தம் இருந்தது, காசு விழுகிற சத்தம்கூட இருந்தது. ஆனாலும் சப்பென்று இருந்தது. "ஜெனரேட்டர் எங்கடா?" என்று கேட்டேன். பையன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஜெனரேட்டர் இல்லாமல் ஏது வீடியோ கேம்? ஏற்காட்டில் கரண்ட் இருக்கிற நேரம் குறைவு, போகிற நேரம்தான் அதிகம். கடைக்குப் பின்பக்கம் அந்த ஜெனரேட்டர் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு டபடபவென்று அடித்தால்தான் உள்ளே பூச்சியே இறங்கும். அதைவிட நல்ல சத்தத்தை நான் உண்டாக்கியிருக்கிறேன். கையில் ஒரு தட்டும் பானையும் டம்ளரும் மட்டும் வைத்துக்கொண்டு உண்டாக்கினேன். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்கு எஸ்டேட் லைன் வீடு. ஒரே அறை, மூலையில் அடுப்பு, மேலே தகரம். அப்பா மரம் ஏறி, காப்பிச் செடிக்கு வெயில் விழக் கிளை கழிக்கிறவர். அம்மா களையெடுக்கவும், பழ நாளில் காப்பி பறிக்கவும் போவார். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டோ ஒன்பதோ. மே மாதம் சீசனுக்கு ஆட்கள் வரும்போது நானும் தம்பியும் கூடையில் பலாச்சுளையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் விற்கப் போவோம்.

அந்த வருஷம்தான் சேலத்துக்காரர் ஒருவர் ஏரிக்குப் போகிற இறக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு நாலு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் கறுப்புத் துணி தொங்கும். உள்ளே போகிறவர்கள் எல்லாம் ஜீன்ஸ் போட்ட டூரிஸ்ட் பையன்கள். நான் ஒருநாள் துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன். "பொம்பளப் புள்ளைங்களுக்கு உள்ள வேலை இல்ல சாமி, அந்தப் பக்கம் போ" என்றார் சேலத்துக்காரர். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. திட்டியிருந்தால்கூட இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

உள்ளே போகக் கூடாதென்றால் என்ன, காதை யார் அடைக்க முடியும்? கொட்டகையின் பின்பக்கம் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். பலாச்சுளையில் ஈ மொய்க்கும். முதுகு வழியாகச் சத்தம் உடம்புக்குள் இறங்கும். தும், தும், தும், தும் என்று நாலு அடி, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தாழ்ந்து. முதலில் ஆற அமர விழும். போகப் போக வேகம் கூடும். கூடக் கூட நானும் தம்பியும் தகரத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்வோம். கடைசியில் படபடவென்று மூச்சுமுட்ட அடித்து, ஒரு பெரிய வெடி வெடித்து, அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு பையன் "ச்சே!" என்பான்.

தம்பியை மட்டும் ஒரு டூரிஸ்ட் பையன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். திரும்ப வெளியே ஓடி வந்தான். "அக்கா, மேல இருந்து பூச்சி வரிசை வரிசையா எறங்குதுக்கா. சுடச் சுட மிச்சம் இருக்கறது இன்னும் வேகமா எறங்குது. இன்னொரு பொட்டில சந்து சந்தா இருக்குது, அதுல நாலு பேய் தொரத்துது" என்றான். "பேயா? எப்படிடா இருக்குது?" என்று கேட்டேன். "நொம்ப அழகா இருக்குதுக்கா, கலர் கலரா" என்றான். அவ்வளவுதான் நான் அந்த விளையாட்டைப் பார்த்தது. மிச்சமெல்லாம் காதால் கேட்டது.

ஜூனில் மழை இறங்கியதும் சேலத்துக்காரர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஏரிக்கு மேலே இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் லைனிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஏழாவதைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கே எல்லாம் பிடித்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய உலகப் படம் பிடித்திருந்தது, கணக்கு டீச்சரின் மணிக்கூண்டுக் குரல் பிடித்திருந்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆனிக் கடைசியில் நான் பெரியவளாகிவிட்டேன்.

குப்பனூரிலிருந்து தாய்மாமன் பஸ்ஸின் மேலே தென்னங்கீற்றுக் கட்டையும் வேப்பிலையையும் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பச்சை ஓலையில் குடிசை கட்டுவது தாய்மாமனின் உரிமை. சீர் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, அந்தக் குடிசையைப் பிரித்துக் கொளுத்தி, பெண்ணை வீட்டுக்குள் அனுப்புவதும் அவர்தான். வீட்டுக்குப் பின்னால் விறகுச் சாய்ப்பை ஒட்டிக் கட்டினார். நான் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், நிற்க முடியாது. வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, "பத்தரமா இருந்துக்க கண்ணு. நல்ல நாள் பாத்து மாமன் வந்து பிரிச்சு உட்டர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

போனவர் போனவர்தான். மழை பிடித்துக்கொண்டது. குப்பனூர் ரோட்டில் மண் சரிந்தது, சேலம் ரோட்டில் மரம் விழுந்தது. எல்லாவற்றையும் ஒதுக்கி பஸ் ஓட ஆரம்பித்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் சீர் செய்வார்களா? "ஆவணியில வெச்சுக்கலாமுன்னு மாமன் சொல்லி உட்டிருக்குது" என்று பஸ்காரர் வந்து சொன்னார்.

"அதுவரைக்கும் நான்?" என்று கேட்டேன்.

"ஓலை பிரிக்காம எப்படி ஊட்டுக்குள்ள வருவ? உள்ள சாமி படம் இருக்குதல்ல?" என்றார் அம்மா.

பெரியவர்கள் நாலைந்து பேர் கூடித்தான் இதைப் பேசி முடிவு செய்தார்கள். ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றி உள்ளே கூட்டிக்கொள்ளலாம் என்று ஒருத்தருக்குமா தோன்றாது? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. சீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பள்ளிக்கூடம் போனால் போதும் என்றிருந்தது.

அதை அம்மாவிடம் கேட்டேன். "எட்டாவது படிச்சு என்ன, கலெக்டராவா ஆவப் போற? களையெடுக்க ஒரு கை கூடுச்சுன்னு நான் இருக்கறேன். உங்கப்பனக் கேளு போ" என்றார். அப்பா ஓலைக்கு இந்தப் பக்கம் வரவே மாட்டார். சாயங்காலம் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்கும்போது உள்ளேயிருந்தே கூவினேன். கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது. "பாக்கலாம் புள்ள" என்றார். அவர் அகராதியில் "பாக்கலாம்" என்றால் பாதி இல்லை, பாதி மறந்துவிடு. மறுபடி கத்தி தீட்டத் தொடங்கிவிட்டார்.

அந்தக் குடிசைக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓலை காயவே இல்லை. புழுங்கிப் புளித்த வாடை. பாயில் பூஞ்சை. ஓலை இடுக்கு வழியாக மூடுபனி உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். காலையில் லைனிலிருக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சத்தம் கேட்கும். பேச்சுக் குரல் தேயத் தேய ரோட்டுத் திருப்பத்தில் நின்றுபோகும். அப்புறம் நாள் முழுக்க மழைதான். நான் அங்கே சும்மா படுத்துக்கொண்டு, இந்நேரம் கணக்கு வகுப்பு, இந்நேரம் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கூரை ஒழுகி என் சாப்பாட்டுத் தட்டில் சொட்டியது. தும், தும், தும், தும். மழை வலுக்க வலுக்கச் சொட்டு வேகமாகியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அட, பூச்சி இறங்குகிறது!

பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பி ஓலைக்கு வெளியே நின்று, "அக்கா, என்ன பண்ற?" என்றான். "சத்தம் போடாம கேளுடா" என்றேன். கேட்டான். "அய்யய்யோ! அதேதானக்கா!" என்று குதித்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு வேலையே இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலை விட்டு வருவதற்குள் கடையைத் திறந்துவிடுவோம். பூச்சி இறங்குவதற்குக் காலிப் பானையின் வயிற்றில் உள்ளங்கையால் அடித்தேன். பானைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நாலு அடிக்கும் நாலு ஒலி கண்டுபிடிக்க முடியாமல் தவித்து, கடைசியில் வாய்ப்பக்கம் ஒன்று, கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று என்று இடம் பிடித்தேன். குண்டு பாய்வதற்குச் சீப்பின் மேல் காகிதத்தை வைத்து ஊதினேன். காசு விழுவதற்குத் தலையில் மாட்டுகிற டிக்டிக் கிளிப்பைத் தட்டில் வைத்து அழுத்தினேன். பேய் துரத்துவது மட்டும் வரவே இல்லை. அது மேலேயும் கீழேயும் வழுக்குகிற சத்தம். டம்ளரை வாயில் கவிழ்த்து உள்ளே குரல் கொடுத்து, டம்ளரை விலக்கி விலக்கி ஒட்டினேன், வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் குடிசைக்குள் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தம்பி சாய்ப்புக்குக் கீழே ஈர மண்ணில் கோடு போட்டு வைத்திருப்பான். காற்றில் உதிர்ந்த பச்சைக் காப்பிக் காய்கள்தான் பூச்சி. நான் பானையில் அடிக்க அடிக்க அவன் காய்களை வரிசையாகக் கீழே நகர்த்துவான். "சுட்டுட்டேன்!" என்று கத்துவான், நான் வெடிக்க வேண்டும். நடுநடுவே "ஜெனரேட்டர் நின்னு போச்சுக்கா!" என்பான். "இருடா, கயிறு இழுக்கறேன்" என்று தொண்டையில் டபடபவென்று கிளப்புவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஓலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் விளையாடிய விளையாட்டு அது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நாள் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தேன்.

தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா தலைக்கு ஊற்றிவிட்டிருந்தார், முடி காயாமல் விரித்துப் போட்டிருந்தேன். இன்றைக்கு முழுக் கடையையும் தனியாகவே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரு கையில் பானை, ஒரு கையில் கிளிப், வாயில் டம்ளர், தொண்டையில் ஜெனரேட்டர். கண்ணை மூடிக்கொண்டேன். பூச்சி இறங்கியது, பேய் துரத்தியது, காசு விழுந்தது. உடம்பு தானாக முன்னும் பின்னும் ஆடியது. வெளியே மூடுபனி, வேலை விட்டுப் பெண்கள் திரும்புகிற நேரம்.

பக்கத்து வீட்டு அத்தை களி கொண்டுவந்தவர் ஓலையை விலக்கிப் பார்த்திருக்கிறார். கிண்ணம் விழுந்த சத்தத்தில்தான் நான் கண்ணைத் திறந்தேன். "அக்கா! ஓடியாங்கோ! உங்க புள்ளையப் புடிச்சிருச்சு!" என்று அலறிக்கொண்டே ஓடினார்.

அதற்கு முன்பே லைனில் பேச்சு இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. மூடுபனிக்குள்ளிருந்து தினமும் என்னவோ கத்துகிறது, மனுஷக் குரல் இல்லை, மிருகக் குரலும் இல்லை என்று களையெடுக்கிற பெண்கள் பேசிக்கொண்டார்களாம். தனியாக ஓலைக்குள் இருக்கிற வயசுப் பெண், விரித்த தலை, ஈர நாள். வேறென்ன நினைப்பார்கள்?

நான் சொல்லத்தான் செய்தேன். "அம்மா, அது வீடியோ கேமும்மா. ஏரிக்கரையில கேட்டது. இதோ பாருங்க" என்று டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்துக் குரல் கொடுத்தும் காட்டினேன். காட்டியதுதான் தப்பாகப் போயிற்று. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் தலைச்சோலைப் பக்கத்திலிருந்து பூசாரியைக் கூட்டிவந்தார்கள். லைன் முழுக்கக் கூடிவிட்டது. என்னை வாசலில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "ஏனுங்க, அக்காவ ஒண்ணும் பண்ணாதீங்க. அது கடையில இருந்த பொட்டியோட சத்தமுங்க" என்றான்.

பூசாரி நல்ல மனிதர்தான். குனிந்து பொறுமையாகக் கேட்டார். "கடை இப்ப இருக்குதா சாமி?"

"இல்லீங்க, மூடிட்டாங்க."

"மூடுன கடையில இருந்து சத்தம் எப்படி வரும்? அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சு, சொல்லு பாக்கலாம்."

தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நாலு பேய் இருந்துச்சுங்க" என்றான்.

கூட்டம் அப்படியே ஒரு அடி பின்னால் போனது. அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். பாவம், என்னைக் காப்பாற்ற வந்தவன்.

பூசாரி உடுக்கையை எடுத்தார். முதலில் மெதுவாக அடித்தார். அப்புறம் வேகம் கூட்டினார். கூடக் கூட எனக்கு ஏரிக்கரைத் தகரம் ஞாபகம் வந்தது, பூச்சிகள் இறங்கத் தொடங்கின. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா, சிரிக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"யாரு நீ?" என்று பூசாரி கேட்டார்.

"நாந்தானுங்க. இந்த ஊட்டுப் புள்ளதான்."

"பொய் சொல்லுது" என்று வேப்பிலையால் தோளில் வீசினார். மறுபடி கேட்டார், மறுபடி நான்தான் என்றேன். மறுபடி வீச்சு. வலித்தது. நான் நான்தான் என்பதைச் சொல்லச் சொல்ல அடி விழுந்தால் மனுஷி என்னதான் சொல்வது?

அப்போது அப்பா முன்னால் வந்தார். ஈர மண்ணில் மண்டியிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏனுங்க, நீங்க யாரா வேணா இருந்துட்டுப் போங்க. எம்புள்ள சின்னப் புள்ளைங்க, தாங்க மாட்டா. உங்களுக்கு என்ன வேணுமோ வாயத் தொறந்து கேளுங்க. என்ன ஆனாலும் நான் செஞ்சு தர்றனுங்க" என்றார்.

அப்பா என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று. பிறந்ததிலிருந்து, உனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. வேப்பிலை வலியெல்லாம் மறந்துபோயிற்று.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றேன்.

பூசாரி மெல்லக் கேட்டார். "எந்தப் பள்ளிக்கூடம்?"

"ஏரிக்கு மேல இருக்கற பெரிய பள்ளிக்கூடம்."

"அனுப்புனா இந்த ஓலைய விட்டுப் போயிருவியா?"

"இப்பவே போயிருவேன்."

"போனா அங்கயே இருக்கோணும். திரும்பி வரப்படாது. சம்மதமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆஸ்டல் இருந்தது. தூரத்து ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிப்பார்கள். அப்பா அந்த அளவுக்கா மனசு வைத்துவிட்டார்? "சம்மதமுங்க" என்றேன். அப்பா எரிகிற கற்பூரத்தின் மேல் கையடித்தார். "நாளைக்குக் காத்தாலயே அனுப்பி வெச்சர்றனுங்க. இது சத்தியம்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக ஒழுக, சந்தோஷத்தில் அழுதேன். பூசாரி என் உச்சி முடியில் ஒரு கற்றையை முடிச்சுப் போட்டு அறுத்து, மஞ்சள் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. முடிதானே, போகட்டும்.

அன்றைக்கு நான் தூங்கியது தூக்கமா? விடிந்ததும் அம்மாவிடம் புத்தகப் பையை ஓலைக்கு அடியில் தள்ளச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். தலையைப் பின்னிக்கொண்டேன். உச்சியில் அறுத்த இடத்தில் முடி நிற்கவில்லை, எச்சில் தொட்டு அமுக்கினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தேன். அப்பா விடியலிலேயே கிளம்பிப் போய்விட்டார் என்றது தம்பி குரல். எனக்கு இடம் சொல்லி வைக்கத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

உச்சி சாய்ந்து திரும்பி வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக ஓலைக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையில் சுத்தியல் இருந்தது.

"சொன்ன வாக்கு மாறலை கண்ணு. அதப் பள்ளிக்கூடத்துலயே சேத்தி உட்டுட்டு வந்துட்டேன். வாசல்ல நிக்கற நாவ மரத்துல அந்த முடிய வெச்சு நல்லா ஆழமா ஆணி அடிச்சிருக்குது. இனி அது அங்கயேதான் இருக்கும், உன்னத் தொடாது" என்றார். கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ மட்டும் சாகற வரைக்கும் அந்தப் பக்கம் போயிராத. என்ன?"

அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். பையை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தேன்.

"சரிங்கப்பா, போகல" என்றேன்.